முப்பத்தொரு சேணங்கள்

திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு அந்த அழைப்பு வந்தது. மேக்சீன் டட்டன் அப்போது ஒரு சேணத்தை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, மெழுகு ஏற்றிய நூலை இரண்டு பக்கமும் இழுத்து இறுக்கிக்கொண்டிருந்தாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் முதலாளி கிளைவ் ஆர்கில் என்ன பேசினான் என்று கேட்கவில்லை. ஆனால் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். கிளைவ் எழுந்து நின்று தொலைபேசியில் பேசுகிற ஆள் இல்லை. வரி அலுவலகத்திலிருந்து கூப்பிட்டால்கூடக் காலைத் தூக்கி மேசைமேல் போட்டுக்கொண்டுதான் பேசுவான்.

பேசி முடித்ததும் வேலைப் பதிவேட்டை எடுத்துப் புரட்டினான். ஒரு பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு, தடுப்புக்கு மேலாகத் தலையை நிமிர்த்தி நேராக அவளைப் பார்த்தான்.

"மேக்சீன், கொஞ்சம் உள்ள வா."

"ராணியம்மாவுக்கு அரண்மனையிலேருந்து அழைப்பு!" என்றான் மன்ஜீத். தோல் வெட்டுகிறவன், பதினெட்டு வருஷமாக அவளுக்கு அடுத்த மேசை. யாரும் சிரிக்கவில்லை, அவள் உட்பட.

இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் பக்கம் ஒரு குதிரைப் பண்ணை. சனிக்கிழமை வேலி தாண்டும் பயிற்சி. டாம்சின் என்று ஒரு பெண் தாவும்போது சேணம் பக்கவாட்டில் சரிந்து, அவள் வேலிக்கட்டைமேல் விழுந்திருக்கிறாள். இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் முறிவு, தோளெலும்பு ஒன்று. உயிருக்கு ஆபத்தில்லை. சேணம் ஆர்கில் பட்டறையில் செய்தது. பக்கவாட்டில் தொங்கும் தோல் மடலுக்கு அடியில் செய்தவரின் முத்திரை, எம்.டி.

"வார் அறுந்துடுச்சாம்" என்றான் கிளைவ். "அவ்வளவுதான் சொன்னாங்க."

"எந்த வருஷத்துச் சேணம்?"

"ரெண்டு வருஷத்துக்கு முந்தி. நவம்பர்."

நவம்பர் என்ற சொல்லைக் கேட்டதும் மேக்சீனின் வலது கை தானாகவே இடது கைக்குள் போய் ஒளிந்துகொண்டது.

"காப்பீட்டுக்காரங்க ஆளை அனுப்பிப் பார்ப்பாங்க. மூணு வாரம் ஆகும். அதுவரைக்கும் யாரும் அந்தப் பண்ணைக்குப் போன் பண்ணக் கூடாது, லெட்டர் போடக் கூடாது, பூங்கொத்துகூட அனுப்பக் கூடாது. நாம ஒரு வார்த்தை சொன்னா தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்னு வக்கீல் சொல்றான். புரியுதா?"

"புரியுது."

"உன் கைவேலை எனக்குத் தெரியாதா, மேக்சீன்? நான் அரை டிராயர் போட்டுக்கிட்டு எங்கப்பாகூட இங்க வந்த காலத்திலேயே நீ அந்த மேசையிலதான் இருந்தே. பயப்படாதே. போய் வேலையப் பாரு."

அவளும் போய் உட்கார்ந்தாள். ஆனால் அன்றைக்கு மாலை வரை அவள் தைத்தது நான்கு அங்குலம். அதையும் பிரித்துவிட்டு மறுபடி தைத்தாள்.

சேணத்தின் மடலைத் தூக்கினால் அடியில் பக்கத்துக்கு மூன்று தோல் வார்கள் தொங்கும்: முதலாவது தனி நாடாவில், மற்ற இரண்டும் ஒரே நாடாவில். குதிரையின் வயிற்றைச் சுற்றி வரும் பட்டையை அந்த வார்களில்தான் மாட்டுவார்கள். சவாரி செய்கிறவரின் உயிர் அந்த வாரில்; வாரின் உயிர் அதை மேலே தடித்த நாடாவோடு பிணைக்கிற தையலில். அந்தத் தையலை ஆர்கில் பட்டறையில் கையால்தான் போடுவார்கள். ஒரே துளையில் இரண்டு ஊசி, எதிரெதிராக. ஒவ்வொரு தையலுக்கும் நூலை இழுக்கும்போது தோல் நூலைக் கவ்விப் பிடிக்கும் கணம் ஒன்று உண்டு. கண்ணுக்கு அது தெரியாது. விரலுக்குத்தான் தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய அந்த நவம்பரில் மேக்சீனின் விரல்களுக்கு அது தெரியவில்லை.

அந்தச் செப்டம்பரில் கட்டைவிரலில் எறும்பு ஊர்வது போலத் தொடங்கியது. பிறகு சுட்டுவிரல், நடுவிரல். காலையில் எழுந்தால் கை மரக்கட்டையாக இருக்கும். தேநீர்க் கோப்பை இரண்டு தடவை நழுவிச் சமையலறைத் தரையில் உடைந்தது. மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறது, சின்ன அறுவைதான், வரிசையில் காத்திருக்க வேண்டும் என்றார் மருத்துவர். முறை வருவதற்கு ஜனவரி ஆகிவிட்டது. அதுவரை அவள் பட்டறையில் மூச்சு விடவில்லை. சொல்லியிருந்தால் கிளைவ் அவளைப் பொட்டலம் கட்டும் மேசைக்கு அனுப்பியிருப்பான். வேறொன்றும் செய்திருக்க மாட்டான். ஆனால் எட்டு மாத ஆர்டர் வரிசை கட்டி நின்ற நேரம் அது. டென்மார்க்கிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் அவள் பெயரைச் சொல்லிக் கேட்டு எழுதினார்கள். வாரைத் தைக்க மேக்சீனை விட்டால் ஆளில்லை என்று எல்லோரும் சொல்வார்கள், அவளும் அதை நம்பினாள். முப்பது வருஷக் கை கண்ணை மூடிக்கொண்டு தைக்கும் என்று நினைத்தாள். நூலை ஒரு குத்துமதிப்பாக இழுத்தாள். மேலே மெழுகைத் தேய்த்தபின் பார்க்க எல்லாத் தையலும் ஒரே மாதிரிதான் இருந்தது.

அறுவைக்குப் பிறகு கை பழையபடி ஆகிவிட்டது. அந்த நான்கு மாதத்தை அவளும் மறந்துவிட்டாள். மறந்துவிட்டதாக நினைத்தாள்.

செவ்வாய்க்கிழமை மதிய இடைவேளையில் கிளைவ் வெளியே போயிருந்தபோது பதிவேட்டை எடுத்து எண்ணினாள். செப்டம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை அவள் முத்திரை போட்டு வெளியே போன சேணங்கள் முப்பத்தொன்று.

"என்ன தேடறே?" மன்ஜீத் சமோசாவைக் கடித்தபடி வந்து நின்றான்.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா உன் முகம் பச்சைப் பட்டாணி நிறத்துக்குப் போயிருக்கு? தோலாத்தான் இருக்கும், மேக்ஸ். அந்த வருஷம் வந்த தோல் சரியில்லன்னு நான் அப்பவே கத்தினேன். என் மேல பழியப் போட்டுக்கோ, போ. எனக்கு முதுகு அகலம்."

அவன் நல்ல மனசோடு சொன்னான். அதனாலேயே அவளால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அந்த வாரம் முழுக்க அவளுக்கு எதுவும் ஓடவில்லை. வீட்டில் உட்கார்ந்தால் எழுந்திருப்பாள், எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று நிற்பாள். சுத்தமாக இருந்த அடுப்பைத் தேய்த்தாள். கணவன் கெல்வின் பேருந்து ஓட்டுநர். நாள் முழுக்க சக்கரத்துக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டு வருகிறவன், வீட்டில் யாராவது அசைந்துகொண்டே இருந்தால் அவனுக்குப் பிடிக்காது.

"கண்ணு, ஒண்ணு நீ உட்காரு, இல்ல நான் வெளிய போறேன். கூண்டுல போட்ட நரி மாதிரி என்ன இது?"

சொல்லிவிட்டாள். கையைப் பற்றி, நான்கு மாதத்தைப் பற்றி, முப்பத்தொன்றைப் பற்றி. அவன் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டான்.

"கோப்பை கை நழுவிடுச்சுன்னு என்கிட்ட சொன்னே."

"ஆமா."

"சோப்பு வழுக்கிச்சுன்னு சொன்னே, மேக்சீன்."

"தெரியும் கெல்."

அவன் தொலைக்காட்சியை அணைத்தான். பிறகு அவன், "ஞாயித்துக்கிழமை எனக்கு டூட்டி. காரை நீ எடுத்துக்கோ" என்றான். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மழை தூறிக்கொண்டிருந்தது. பண்ணை கிரேவன் ஆர்ம்ஸ் ஊரைத் தாண்டி, இரண்டு கார் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டிய சந்துக்குள் இருந்தது. கதவருகே சாணி அள்ளிக்கொண்டிருந்த பெண்ணுக்கு அறுபது வயது இருக்கும். ரப்பர் பூட்ஸ், தலையில் கம்பளித் தொப்பி. ஒல்வென் என்று பெயர், பண்ணை அவளுடையது.

"குதிரை பார்க்க வந்தீங்களா?"

"இல்ல. டாம்சினோட சேணத்தைப் பார்க்கணும். அதைச் செஞ்சது நான்தான்."

ஒல்வென் மண்வாரியைக் கீழே ஊன்றினாள். "உங்க கம்பெனிக்காரர் போன்ல என்கிட்ட வானிலையப் பத்தி மட்டும்தான் பேசினார். வேற எதைக் கேட்டாலும் வக்கீல், வக்கீல். இப்ப உங்களை அனுப்பி வச்சாரா?"

"அனுப்பல. தெரிஞ்சா என் வேலை போயிடும்."

"அப்ப எதுக்கு வந்தீங்க?"

"வீட்டுல இருக்க முடியல" என்றாள் மேக்சீன். அவளிடம் இருந்த பதில் அது ஒன்றுதான்.

ஒல்வென் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "தொட்டுப் பார்க்கலாம். எடுத்துட்டுப் போகக் கூடாது. நான் பக்கத்துலயேதான் நிப்பேன்."

கடிவாளங்களும் போர்வைகளும் தொங்கிய சின்ன அறை. மூலையில் ஒரு கட்டைமேல் அந்தச் சேணம் இருந்தது. கறுப்பு, பதினேழரை அங்குல இருக்கை. மேக்சீனுக்கு அதைப் பார்த்தவுடனே நினைவு வந்தது. கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினாள். இடது மடலைத் தூக்கினாள்.

மூன்று வார்களில் இரண்டு இல்லை. நாடா கிழிந்து நூலாம்படையாகத் தொங்கியது. ஒல்வென் கீழே இருந்த ஒரு டப்பாவிலிருந்து அறுந்து விழுந்த வார்களை எடுத்துக் கொடுத்தாள். மேக்சீன் அதை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். ஒரு தடவை பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள்.

"இது யாரு போட்டது?"

"என்ன?"

"இந்த ரெண்டு வாரும். இது நான் தச்சது இல்ல. இது மெஷின் தையல், நைலான் நூல்."

ஒல்வென் தொப்பியைத் தள்ளி நெற்றியைச் சொறிந்தாள். "ஓ... போன கோடையில குதிரை அதைக் கடிச்சுக் குதறிடுச்சு. வேன்ல வர்ற ஒருத்தன் இருக்கான், போர்வை, கயிறு எல்லாம் தச்சுக் குடுப்பான். அவன்தான் மாத்திக் குடுத்தான். அரை மணி நேரத்துல முடிச்சுட்டானே."

அரை மணி நேரத்தில்தான் முடித்திருந்தான். மேக்சீன் போட்ட பழைய துளைகளுக்கு நடுநடுவே புதுத் துளைகளை இறக்கியிருந்தான். இரண்டு வாரையும் பிடித்திருந்த நாடா தபால்தலையின் ஓரம் மாதிரி ஓட்டை ஓட்டையாகி, ஒரு நல்ல இழுப்பில் நேர்கோட்டில் கிழிந்துவிட்டது. டாம்சின் வயிற்றுப்பட்டையை அந்த இரண்டு வாரில்தான் மாட்டியிருந்தாள். தனி நாடாவில் தொங்கிய முதல் வார் சும்மா இருந்தது.

மேக்சீன் வார்களை டப்பாவில் திரும்பப் போட்டாள். பக்கத்திலிருந்த தீவன மூட்டைமேல் உட்கார்ந்தாள். வாய்விட்டு அழ வேண்டும் போலவும், எழுந்து ஆட வேண்டும் போலவும் இருந்தது. ஒரு வாரமாக நெஞ்சின்மேல் ஏறி நின்ற ஆள் இறங்கிப் போய்விட்டான். அவள் இல்லை. அவள் கை இல்லை.

"தேநீர் குடிக்கிறீங்களா?" என்றாள் ஒல்வென். குரல் முன்பைவிட இளகியிருந்தது.

"சர்க்கரை ரெண்டு ஸ்பூன்."

ஒல்வென் போனாள். மேக்சீன் எழுந்து, கிளம்புமுன் சேணத்தைத் தட்டிக்கொடுப்பதுபோல வலது பக்க மடலைத் தூக்கினாள். அங்கே மூன்று வாரும் அப்படியே இருந்தன. அவள் தையல். சாய்வு, இடைவெளி எல்லாம் அவளுடைய கையெழுத்து மாதிரி. பழக்கதோஷத்தில் கைப்பையிலிருந்து ஒரு குத்தூசியை எடுத்து அதன் முனையை ஒரு தையலுக்கு அடியில் விட்டு நெம்பினாள்.

தையல் எழும்பியது.

அடுத்ததும் எழும்பியது. அதற்கடுத்தது எழும்பவில்லை. அதற்கடுத்த மூன்றும் சட்டையில் ஆடுகிற பொத்தான் மாதிரி வந்தன. இறுகிய தையல் ஊசிக்கு இடம் கொடுக்காது. இவை கொடுத்தன. ஒவ்வொரு தாவலிலும் நூல் துளைக்குள் கொஞ்சம் கொஞ்சமாக உராய்ந்து, இழை பிரியத் தொடங்கியிருந்தது. இன்னும் ஒரு வருஷம் தாங்கியிருக்கலாம். ஒரு மாதத்தில் போயிருக்கலாம். இந்தப் பக்கம் போவதற்குள் அந்தப் பக்கம் போய்விட்டது, அவ்வளவுதான்.

ஒல்வென் கோப்பையோடு வந்தாள். மேக்சீன் மடலைக் கீழே விட்டாள்.

தேநீரைச் சூடாகவே குடித்தாள், நாக்குப் பொத்துப்போயிற்று. நன்றி சொன்னாள். காரில் ஏறினாள். அந்தச் சந்திலிருந்து வெளியேறி, நெடுஞ்சாலை ஏறி, வடக்கே திரும்பினாள். காப்பீட்டுக்காரர் வருவார், இடது பக்கத்தைப் பார்ப்பார், வேன்காரன் செய்த வேலை என்று எழுதிவிட்டுப் போவார். வலது பக்கத்தை யாரும் நெம்பிப் பார்க்கப் போவதில்லை. உலகத்தில் இது ஒருத்தருக்கும் தெரியாது. இதைத் தனக்குத்தானே மூன்று நான்கு தடவை சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அது உண்மையாகவே இருந்தது. ஒவ்வொரு தடவையும் கார் கொஞ்சம் மெதுவாகப் போனது. சர்ச் ஸ்ட்ரெட்டன் ஊர் வரும்போது பின்னால் வந்த டிராக்டர்காரன் ஹார்ன் அடித்தான். அவள் ஓரமாக நிறுத்தினாள். ஒரு குதிரை ஏற்றிய வண்டி எதிரே போனது. பின்கதவுக்கு மேல் வால் மட்டும் ஆடிக்கொண்டு தெரிந்தது.

அதே சாலையில் திரும்பினாள்.

"எதையாவது விட்டுட்டுப் போயிட்டீங்களா?" என்றாள் ஒல்வென், கையில் சாணி வாளியோடு.

"அந்தச் சேணத்தை எந்தக் குதிரை மேலயும் போடாதீங்க. வலது பக்கமும் சரியில்ல. அது நான் தச்சது."

ஒல்வென் வாளியை வைத்தாள். எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு, "இதை என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? டாம்சின் அவங்க அம்மா வீட்டுல படுத்திருக்கா. சர்ச்சுக்கு எதுத்த நீலக் கதவு. அவகிட்ட சொல்லுங்க" என்றாள்.

டாம்சினுக்கு முப்பத்துநான்கு வயது, கால்நடை மருத்துவமனையில் செவிலி. மாடி ஏற முடியாததால் முன்னறையில் கட்டில் போட்டிருந்தார்கள். அவள் தாய் கதவைத் திறந்துவிட்டு, யார் என்று தெரிந்ததும், சமையலறைக்குப் போய் வேண்டுமென்றே சத்தமாகப் பாத்திரம் கழுவத் தொடங்கினாள்.

மேக்சீன் நின்றபடியே சொன்னாள். டாம்சின் தலையணையில் சாய்ந்தபடி கேட்டாள்.

"இருங்க, எனக்குச் சரியா புரியுதான்னு பார்க்கிறேன். என்னைக் கீழே தள்ளினது உங்க தையல் இல்ல."

"இல்ல."

"ஆனா தள்ளியிருக்கும்."

"ஆமா."

"அதைச் சொல்லவா மழையில இவ்வளவு தூரம் வந்தீங்க? ஒரு பூங்கொத்தாவது வாங்கிட்டு வந்திருக்கலாம்." சிரிக்க முயன்றாள், இடுப்பு வலித்திருக்க வேண்டும், முகம் சுருங்கிப் பாதியில் நின்றது. நின்ற பிறகு அவள் முகத்தில் சிரிப்பே இல்லை. "கை மரத்துப் போச்சுன்னு தெரிஞ்சும் தச்சீங்களா?"

"தெரிஞ்சுதான் தச்சேன்."

"எங்க ஆஸ்பத்திரியில நான் அந்த மாதிரி ஊசி போட்டா என்னை ஜெயில்ல போடுவாங்க."

மேக்சீன் தலையாட்டினாள்.

"இந்த மாதிரி எத்தனை செஞ்சீங்க?"

"உங்களோடதைச் சேர்த்து முப்பத்தொண்ணு."

"மத்த முப்பது பேருக்கும் யாரு சொல்லப் போறா?" என்றாள் டாம்சின். "ஏன்னா, நான் படுத்துக்கிட்டேதான் இருக்கேன். எனக்கு வேற வேலை இல்ல. நீங்க சொல்லலைன்னா நான் போனை எடுத்து ஆரம்பிச்சிடுவேன்."

"நான் சொல்றேன்."

"எப்போ?"

"நாளைக்கு."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. மேக்சீன் வெளியே வந்தபோது தாய் கதவைச் சாத்தினாள்; அறையவும் இல்லை, மெதுவாகவும் சாத்தவில்லை.

மறுநாள் காலை கிளைவ் கோட்டைக் கழற்றுவதற்கு முன்பே அவள் தடுப்புக்குள் போய் நின்றாள். முதலில் பண்ணைக்குப் போனதைச் சொன்னாள். அவன் முகம் சிவந்தது. வேன்காரனைப் பற்றிச் சொன்னாள். முகம் மலர்ந்தது. மேசையைத் தட்டி, "நான் சொல்லல? நான் சொல்லல?" என்றான். பிறகு அவள் மீதியையும் சொன்னாள்.

அவன் மெதுவாக உட்கார்ந்தான்.

"முப்பதும் திரும்ப வரணும்ங்கறே."

"ஆமா."

"நம்ம மேல தப்பே இல்லன்னு எழுதிக் குடுக்கப் போறாங்க. அந்த நேரம் பார்த்து நாமளே ஊரெல்லாம் கூப்பிட்டு, எங்க சேணம் அறுந்து விழும்னு சொல்லணும். அப்படித்தானே?"

"விழலாம்னு சொல்லணும்."

"மேக்சீன், உனக்குப் பைத்தியமா?"

"ஒருத்தர் தலைகீழா விழுந்தா நீ தூங்குவியா, கிளைவ்? நான் ஒரு வாரமா தூங்கல. அதுவும் நான் செய்யாததுக்கு."

அவன் எழுந்து ஜன்னல் பக்கம் போனான், திரும்ப வந்தான். கோபம் சேணத்தின் பேரில் இல்லை என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. "நாலு மாசம் என் கண்ணு முன்னாடி உட்கார்ந்திருந்தே. ஒரு தடவை வந்து, கிளைவ், கை வலிக்குதுன்னு சொல்லக் கூடாதா? எங்கப்பாவா இருந்தா சொல்லியிருப்பே, என்கிட்ட சொல்ல மாட்டே. அவ்வளவு மோசமானவனா நான்?"

"நீ மோசமானவன் இல்ல. நான்தான் பெரிய இவள்னு நினைச்சுக்கிட்டேன்."

அவன் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனான். அவளுடைய மேசைக்கு நேராகப் போய், கருவிகள் செருகிய வரிசையிலிருந்து எம்.டி. என்று பொறித்த எஃகு முத்திரையை உருவித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பதினோரு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மன்ஜீத் கத்தியைக் கீழே வைத்தான். பத்து நிமிஷம் அப்படியே போயிற்று. பிறகு கிளைவ் பதிவேட்டைக் கொண்டுவந்து அவள் மேசைமேல் போட்டு, "யாரு போன் பண்றது? நீயே பண்ணு" என்றான்.

அவள்தான் செய்தாள். ஒரு வாரம் காலையில் தையல், மதியம் தொலைபேசி. சிலர் நன்றி சொன்னார்கள். செஷயரிலிருந்து ஒருவர் கால் மணி நேரம் திட்டினார். அவள் இடையிடையே "ஆமா சார்" என்றாள். தொலைபேசியை வைத்ததும், "அந்தாள் சொன்னதுல பாதி வார்த்தை எனக்கே புதுசு" என்றான் மன்ஜீத். அவன் மட்டும்தான் பழையபடி பேசினான். வேறு இரண்டு தையல்காரர்கள் தேநீர் வேளையில் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். ஆர்டர் குறையும், வேலை குறையும் என்று அவர்களுக்குப் பயம். பயம் நியாயம்தான். இரண்டு வாடிக்கையாளர்கள் வரிசையிலிருந்து விலகவும் செய்தார்கள்.

ஏப்ரலில் சேணங்கள் வரத் தொடங்கின. பெட்டியில் வந்தன, கார் டிக்கியில் வந்தன, ஒன்று தேவாலயப் பாதிரியார் ஒருவரின் மடியில் ரயிலேறி வந்தது. ஒவ்வொன்றையும் அவளே நெம்பிப் பார்த்தாள், கிளைவ் பக்கத்தில் நின்று பார்த்தான். பல சரியாகத்தான் இருந்தன. ஆறாவதில் ஒரு பக்கம் ஆடியது. பதினொன்றாவதில் இரண்டு பக்கமும். ஒரு சேணத்தைக் கொண்டுவந்த பெண் தன் ஐந்து மாதப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். மேக்சீன் நெம்பியதும் ஒரு தையல் அறுந்தே வந்துவிட்டது. அந்தப் பெண் அதைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். மொத்தம் ஒன்பது சேணங்கள் ஆடின. ஆடாததையும் கிளைவ் பிரிக்கச் சொன்னான்.

"எல்லாத்தையும் பிரி. புதுசாத் தையி. நானும் ஒரு பக்கம் தைக்கிறேன்."

"உனக்கு வார் தைக்க வராது."

"தெரியும். துளையாவது போட்டுத் தர்றேன், வாயை மூடு."

காப்பீட்டுக்காரர் மே மாதம் எழுதிய கடிதத்தில், பட்டறையின் மேல் குற்றமில்லை என்று இருந்தது. கிளைவ் அதைச் சுவரில் மாட்டவில்லை. டாம்சினிடமிருந்தும் ஒரு வரி வந்தது: ஊன்றுகோலோடு நடக்கிறேன், சேணம் புதுசாகத் தைத்து வந்தது, இன்னும் ஏறவில்லை. மன்னித்தேன் என்றோ இல்லை என்றோ எழுதவில்லை. மேக்சீன் அதை இரண்டு தடவை படித்துவிட்டு மடித்து வைத்தாள்.

முப்பதில் இருபத்தொன்பது வந்து போய்விட்டன. ஒன்று வரவில்லை. ஹெரஃபோர்டில் அதை வாங்கியவள் குதிரையை விற்றபோது சேணத்தையும் சந்தையில் விற்றுவிட்டாள். வாங்கினவர் யாரென்று தெரியாது. உயரமான ஆள், நாய் ஒன்று கூட இருந்தது. அவ்வளவுதான் அவளுக்கு நினைவிருந்தது.

"அது இந்நேரம் ஏதாவது மதுக்கடைச் சுவத்துல அலங்காரத்துக்குத் தொங்கிக்கிட்டு இருக்கும்" என்றான் கெல்வின்.

"இருக்கும்."

"அப்புறம் என்ன?"

"இல்லாமலும் இருக்கும்."

ஜூன் மாதம் விடுமுறை கிடைத்த ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் குதிரைச் சந்தைகளுக்குப் போனார்கள். கெல்வின் வாரம் முழுக்க ஓட்டுகிறவன், ஞாயிற்றுக்கிழமையும் ஓட்டினான், முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினான். வேல்ஸ் எல்லையில் ஒரு சந்தை. வெயில், ஈக்கள், பன்றி வறுவல் வாசனை, ஒலிபெருக்கியில் ஏலக்காரனின் மூச்சுவிடாத குரல். வேலிக்கட்டைகள்மேல் பழைய சேணங்கள் வரிசையாகக் கிடந்தன. மேக்சீன் ஒரு முனையிலிருந்து ஆரம்பித்தாள். மடலைத் தூக்குவாள், முத்திரையைப் பார்ப்பாள், விடுவாள், அடுத்தது.

பதினான்காவதோ பதினைந்தாவதோ தூக்கியபோது பின்னால் ஒரு குரல்.

"ஏங்க, வாங்கறதுக்குப் பார்க்கறீங்களா, இல்ல என் சேணத்துக்கு வைத்தியம் பார்க்கறீங்களா?"

குட்டையான, வெயிலில் சிவந்த ஒரு பெண், கையில் ஐஸ்கிரீம். சேணம் ஆர்கில் பட்டறையுடையது இல்லை. வேறு யாரோ, எங்கேயோ செய்தது. மேக்சீன் மடலை விட்டிருக்கலாம். விடவில்லை. குத்தூசியை எடுத்து ஒரு தையலை நெம்பினாள். அசையவில்லை. அடுத்ததை நெம்பினாள்.

"ஹலோ! உங்களைத்தான்!"

"இந்தப் பக்கம் நல்லா இருக்கு" என்றாள் மேக்சீன். "பட்டையை எந்த வார்ல மாட்டறீங்க?"

"என்ன?"

"முதல் வாரை விட்டுடாதீங்க. முதல் வார், அப்புறம் மூணாவது. ஒரே நாடாவுல தொங்கற ரெண்டு வார்ல மாட்டாதீங்க."

அந்தப் பெண் ஐஸ்கிரீம் கையில் வழிவதையும் கவனிக்காமல் அவளைப் பார்த்தாள். "நீங்க யாரு?"

கெல்வின் தூரத்தில், பன்றி வறுவல் வரிசையிலிருந்து கையை ஆட்டினான், உனக்கும் ஒன்றா என்று. மேக்சீன் தலையை ஆட்டி ஆமாம் என்றாள். பிறகு சேணத்தின் மறுபக்கத்துக்குச் சுற்றிப் போய், அந்த மடலையும் தூக்கினாள்.